மழை இல்லாத கிழமை

லண்டனில் வெதரைப் பற்றிப் பேசாதவர்கள் செத்தவர்கள் மட்டும்தான். வந்த புதிதில் இதென்ன வேலையில்லாத பேச்சு என்று சிரித்திருக்கிறேன். பிறகு என் வீட்டுக்குள்ளேயே அந்தப் பைத்தியம் குடிவந்தது. என் கணவருக்கு வீடு வீடாகத் தபால் போடுகிற வேலை. காலையில் இறங்கினால் மத்தியானம் தாண்டும்வரை தெருதான். அதனால் ஒவ்வொரு பின்னேரமும், "நாளைக்கு மழையோ?" என்று கேட்பார். நான் போனைப் பார்த்து, ஊர் ரேடியோக்காரர் மாதிரிக் குரலை மாற்றி, "வானம் மப்பும் மந்தாரமுமாகக் காணப்படும். மழை இல்லை" என்பேன். வேலையை விட்ட பிறகும் கேட்டார். மறதி வருத்தம் வந்து, சாப்பிட்டதையும் தனக்கு ஒரு மகள் இருப்பதையும் மறந்த பிறகும் அந்தக் கேள்வியை மட்டும் மறக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். மேலே ஒரு கம்பளிச் சட்டை மட்டும். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் முழுக்க ஓடினேன். மரக்கறிக் கடைக்காரரும் அவரைக் காணவில்லை, நகைக் கடை வாசலில் நின்றவர்களும் காணவில்லை. பொலிஸுக்குப் போன் அடித்தேன். பின்னேரம் பஸ் கமராவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: வான்ஸ்டெட் பக்கம், காட்டோரத் தரிப்பில் தனியாக இறங்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பொலிஸ்காரி நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கிழமை முழுக்கக் குளிர் குறைவு, இரவிலும் பெரிய குளிர் இல்லை, சனிக்கிழமை வரைக்கும் மழையும் இல்லை, அது எங்களுக்கு நல்லது என்றாள். அவர் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டும், நீங்கள் இங்கேயே இருங்கள் என்றும் சொன்னாள். மகள் தேடுகிறவர்களோடு காட்டுக்குப் போனாள். நான் போனோடு வீட்டில் கிடந்தேன்.

அந்த நாட்களில் என் தெய்வம் போனில் தெரிந்த சின்னச் சூரியன்தான். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று வரிசையாகச் சூரியனும் வெள்ளை மேகமும். சனிக்கிழமைக்குக் கீழேதான் கறுப்பு மேகமும் மழைத்துளியும். அதற்குள் ஆள் கிடைத்துவிட வேண்டும். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, "பிள்ளையாரே, ஆள் கிடைக்கும்வரை அந்த மழையைத் தள்ளிப் போடு. மனுசன் நனைஞ்சால் தாங்காது" என்று கெஞ்சினேன். விஷயம் தெரியாத பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உடுப்புக் காயப்போட அருமையான வெதர் என்றாள். அவள் முகத்தில் கதவை அடித்துச் சாத்தினேன்.

வியாழன் காலை எனக்கு வீட்டில் இருக்க ஏலாமல் போய்விட்டது. "என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று மகளிடம் கத்தினேன். காட்டுக்குள் கால் வைத்தால் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கியது. மரங்களுக்கு அந்தப் பக்கம் தேடுகிறவர்களின் குரல் கேட்டது. மிஸ்டர் என்று தொடங்கி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது என் மாமனாரின் பெயர்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதான். இங்கே வந்த இடத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. வயதான மனிதர் என்ற மரியாதையில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை செய்த காலத்தில் என்றால் அவரும் திரும்பிப் பார்த்திருப்பார். மறதி வந்த பிறகு லண்டன் அவர் தலையிலிருந்து கழன்று போய்விட்டது, அந்தப் பெயர் மறுபடி அவருடைய அப்பாவிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கள் தொடக்கம் இவர்கள் செத்துப்போன என் மாமாவைத்தான் காடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள்.

"அம்மா, நீங்கள் அப்பான்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, ப்ளீஸ்" என்றாள் மகள். அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

"இஞ்சாருங்கோ!"

இங்கே பாருங்கள் என்பதுதான் அது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான். குசினி அடுப்புக்கு முன்னால் நின்று மெதுவாகச் சொன்னாலே போதும், மேலே எந்த அறையில் இருந்தாலும் "ஓம், வாறன்" என்று இறங்கி வருவார். வருத்தம் வந்த பிறகும் வந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். தேடுகிறவர்கள் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கார ஆண்களும் பெண்களும், "இன்ஜாரங்கோ, இன்ஜாரங்கோ" என்று மரத்துக்கு மரம் கூவத் தொடங்கினார்கள். வேறொரு நாளென்றால் வயிறு நோகச் சிரித்திருப்பேன்.

பதில் வரவில்லை. பின்னேரம் பொலிஸ் நாய்தான் கண்டுபிடித்தது. முட்பற்றைக்குப் பின்னால், சப்பாத்தைக் கழற்றி வீட்டு வாசலில் வைப்பதுபோல் சோடியாக வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்தார். உயிர் இல்லை.

குளிரால் இல்லை என்றார் டொக்டர். குடிக்கத் தண்ணீர் இல்லாமல்தான். பக்கத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது, அதுவும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நான் கேட்டதைப் பிள்ளையார் ஒரு சொல் பிசகாமல் செய்து தந்துவிட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் படத்துக்கு நான் விளக்கு வைக்கவில்லை. போனில் காட்டியபடியே சனிக்கிழமை மழை கொட்டியது.

செத்த வீடு முடிந்த பிறகு ஒரு வெள்ளைக்காரர் வீடு தேடி வந்தார். காட்டோரத்தில் குடியிருப்பவர், அங்கே நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறவர். என் கணவரின் படத்தைச் செய்தியில் பிறகுதான் பார்த்தாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. புதன்கிழமை பின்னேரம் இவரைக் காட்டுக்குள் கண்டிருக்கிறார். தூரத்தில் ஆட்கள் கூப்பிடுவது கேட்கவே, "உங்களையா கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டாராம்.

"இல்லை, அது என் அப்பா. அவர் செத்துவிட்டார்" என்று இவர் நல்ல இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். துக்கத்தில் இருக்கிற மனிதர், தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்த ஆளும் விலகிவிட்டார்.

"போகும்போது என்னிடம் ஒன்று கேட்டார்" என்றார் வந்தவர். "நாளைக்கு மழை வருமா என்று."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒரு துளியும் வராது, கவலைப்படாதீர்கள் என்றேன். நன்றி சொல்லிவிட்டு மரங்களுக்குள் போனார்." அதைச் சொல்லும்போதே அந்த மனிதர் அழுதுவிட்டார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்று பின்னேரம் இவர் வீட்டில் இருந்து கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வானம் மப்பும் மந்தாரமுமாகக் காணப்படும், மழை இல்லை.