வைகை அணை பார்க்கப் போய், தண்ணீருக்குப் பயந்த கதை

மழை சற்று விட்டிருந்த கார்த்திகையில், ஆறு வயது மகள் யாழினிக்கு வைகை அணையைக் காட்டச் சென்னையிலிருந்து கிளம்பினேன். மதுரையிலிருந்து தேனிக்குப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தங்கியது ஜெயமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில், கல்லூரித் தோழி மல்லிகா வீட்டில். அவள் அங்கே கிராமச் செவிலியர்.

இறங்கியதும் யாழினி தெருக்குழாயில் கையேந்தி வயிறு நிறையக் குடித்தாள்.

மதியம் மல்லிகா வேர்த்துப்போய் வந்தாள். தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி, பேதியாம். ஒரு பெரியவரை ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பிவிட்டு வருகிறாளாம். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள்.

"பாப்பா எந்தத் தண்ணிடி குடிச்சா?"

தெருக்குழாயைக் காட்டினேன். இனி காத்திருப்பதுதான் என்றாள். குழந்தை தன் வயிற்றில் கை வைத்தாலே, வலிக்கிறதா என்று கேட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் பாண்டி அண்ணனின் வாழைத் தோட்டம். குடிநீர்க் குழாய் அதன் அடியில் போகிறது. தெருக் கழிப்பறைத் தொட்டிகளின் கழிவு வழியும் சாக்கடையும் அதையொட்டித்தான். குழாயை மாற்றும் பேச்சு மாதக்கணக்கில் நடந்ததாம். ஊராட்சி சுகாதாரத் துறையைக் கைகாட்ட, அவர்கள் குடிநீர்ப் பொறியாளரைக் கைகாட்ட, அவர் தோட்டக்காரர் சம்மதிக்க வேண்டும் என்றிருக்கிறார். அன்றுதான் எல்லோரும் ஒரே வரப்பில் நின்றார்கள். இன்னும் ஒரு மாதத்தில் வெட்ட வேண்டிய வாழைத் தார்கள். பாண்டி அண்ணன் வெகுநேரம் அவற்றையே பார்த்தார்.

"தோண்டுங்கய்யா. எங்காத்தாவும் அந்தத் தண்ணியத்தேன் குடிச்சிருக்காக."

மரங்கள் சாய்ந்தன. விட்டுப்போன குழாய் இணைப்பு கறுப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. தேனி பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் தண்ணீர் லாரி அனுப்பினார். மல்லிகா குளோரின் போட்டுச் சோதித்த பிறகே குடம் வைக்க விட்டாள்.

சாயங்காலம் யாழினி வாந்தி எடுத்தாள். மல்லிகா ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்தாள். கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். கண் குழிந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். மறுநாள் மதியம் அவளாகவே இட்லி கேட்டபோதுதான் அழுதேன். பெரியவரும் பிழைத்து வீடு வந்தார். குழாயைச் சாக்கடையிலிருந்து விலக்கி, மேடான பக்கம் பதிக்கத் தொடங்கியிருந்தார்கள். அணை பார்க்காமலே திரும்பினோம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அணைக்கு அவசியம் போங்கள். பள்ளத்தாக்கு மழைக்குப் பிறகு அத்தனை அழகு. கொதித்து ஆறிய தண்ணீரும், நான்கைந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும் பையில் இருக்கட்டும். குழந்தைக்குப் பேதி கண்டால் ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

சென்னைக்கு வந்த அன்றே எங்கள் அடுக்ககக் காவலாளியிடம், குடிநீர்த் தொட்டி எங்கே, கழிவுத் தொட்டி எங்கே என்று கேட்டேன். கார் நிறுத்தும் இடத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு மூடிகளைக் காட்டினார். எது எது என்று அவருக்குத் தெரியவில்லை.