களிமண் பெண்ணும் கரையாத அப்பாவும்

எனக்குப் பேய், பூதம், சூனியக்காரி எதைக் கண்டும் பயமில்லை. படத்தில் இருட்டு எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு கிழவி மண்டையோட்டில் விளக்கேற்றிக்கொண்டு காட்டுக்குள் நடந்தால் போதும், மடியில் ஒரு கிண்ணம் பொரியை வைத்துக்கொண்டு நானும் கூடவே போய்விடுவேன். என் கோபமெல்லாம் வேறு. மாயாஜாலப் படங்களில் அரண்மனை நிறையக் குதிரைகள் நிற்கும், ஆனால் ஒரு கூடை லத்தி கண்ணில் படாது. வானத்தில் பறக்கிற அவ்வளவு பெரிய பிராணிக்கு யார் தீனி வைக்கிறார்கள், எங்கே தண்ணி காட்டுகிறார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. மாடு கட்டி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றுகிறவளுக்கு இது உறுத்தத்தானே செய்யும்? மந்திரக்கோல் வைத்திருக்கிறவள் ஒருத்தியாவது தொழுவத்தைக் கழுவ அதை எடுத்திருக்கிறாளா?

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் வயலில் காட்டுப்பன்றி இறங்கினால், டார்ச்சும் வெடியுமாகத் தனியாகப் போய் நிற்கிற மனிதர். ஆனால் டிவியில் ஒரு வாத்துக்குஞ்சு அம்மாவைத் தேடினால் முடிந்தது கதை. தோள் துண்டு கண்ணுக்குப் போய்விடும்.

"ஏனுங்க, அது வரைஞ்ச வாத்துங்க" என்பேன்.

"வரைஞ்சதா இருந்தா என்ன அம்மணி? அதுக்கும் அம்மான்னா அம்மாதானே" என்பார்.

கல்யாணமான புதிதில் கோயம்புத்தூருக்குப் படம் பார்க்கப் போனோம். முதல் தடவை நான் தேர்ந்தெடுத்தது. அதில் ஆட்களின் நிழலைப் பிடுங்கித் தின்கிற ஒரு ராட்சசன். இவர் படம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அடுத்த தடவை அவர் தேர்ந்தெடுத்தார். வழி தவறிய ஒரு நரிக்குட்டி வீடு போய்ச் சேரும் பொம்மைப் படம். நரிக்குட்டி அழாமல் சமாளித்துவிட்டது, இவர்தான் தேம்பினார். முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை படத்தை விட்டுவிட்டுத் திரும்பி இவரையே பார்த்தது. அதன் அம்மா கைக்குட்டையை நீட்டினாள். நான் எனக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார், என் மகள் வாயில் 'அப்பாரு', மூன்றாவது ரகம். டிவிக்கு எதிரே ஒரு ஒயர் நாற்காலி, அது அவருடையது. எந்தப் படமானாலும் அவர் அரக்கன் பக்கம். "அவன் பாட்டுக்குக் குகைக்குள்ள கெடந்தான். இவனுகதான போயி எழுப்புனானுக? அப்பறம் கடிக்காம கொஞ்சுவானா?" என்று நியாயம் கேட்பார். சாந்தமான படமென்றால் பெயர் போடும்போதே தூங்கிவிடுவார். எங்கள் மகளுக்குப் பிடித்த கரடிப் படம் ஒன்று உண்டு. அதில் ஒரு கிழட்டுக் கரடி நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடும், காட்டிலிருக்கிற முயலும் அணிலும் நுனிக்காலில் நடக்கும். கரடி குறட்டை விடுகிற அதே நேரத்தில் இங்கே ஒயர் நாற்காலியிலிருந்தும் ஒரு குறட்டை வரும். பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த ஒரு காட்சிக்காகவே திரும்பத் திரும்ப அந்தப் படத்தைப் போடச் சொல்வாள்.

பாப்பாவுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தது. எங்களுடையது எல்லை தாண்டிய ஊர், வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். டிவியிலும் கார்ட்டூனெல்லாம் மலையாளத்தில்தான் வரும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நான் எனக்குப் பிடித்த மாதிரி ஒரு படத்தைப் போட்டேன். காட்டுக்குள் ஒரு சூனியக்காரி களிமண்ணில் ஒரு பெண்ணைச் செய்து அடைத்து வைத்திருக்கிறாள். அந்தப் பெண் அழ ஆரம்பித்தால் கண்ணீர் பட்டுக் கன்னம் ஒழுகும், அப்புறம் மூக்கு, அப்புறம் காது. ஜன்னலில் ஒரு பறவை உட்கார்ந்து, "கரையல்லே மோளே, கரையல்லே!" என்று கத்தும். மலையாளத்தில் அதற்கு 'அழாதே மகளே' என்று அர்த்தம். பாப்பா என் மடியில் அசையாமல் இருந்து பார்த்தாள். முகத்தைப் பொத்தவில்லை, எழுந்து ஓடவில்லை. என் மகள் என்னைப் போலவே இருக்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு வாய்க்கால் மேட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாளே தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "பாத்தீங்களா, எப்படி வளத்திருக்கறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். அவள் அப்பா வாத்துக்குஞ்சைப் பார்த்துத் துண்டை எடுத்தால் மட்டும் ஓடிப்போய் அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, கரையாதீங்க" என்பாள். பள்ளிக்கூட மலையாளத்தைத் தமிழில் கலக்கிறாள் என்று நினைத்தோம். எங்கள் பக்கத்தில் கலக்காத வாய் எது? "சரி சாமி, கரையமாட்டேன்" என்று அவரும் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார். அன்றிலிருந்து படத்தில் சோகம் வந்தால் மாட்டைப் பார்க்கப் போவதாக எழுந்துவிடுவார். "மாடு நல்லாத்தான் இருக்குதுங்க" என்று நான் பின்னாலிருந்து கத்துவேன்.

மழை விட்டிருந்த ஒரு மாசத்தில் மாமனார் போய்ச் சேர்ந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து அந்த நாற்காலியில் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். கட்டிக்கொண்டு அழுதார்கள். காப்பி போடவும் பாய் விரிக்கவும் ஓடியதில் எனக்கு அழ நேரமில்லை. ஆனால் வாத்துக்குஞ்சுக்கு அழுகிற மனிதர் கல் மாதிரி நின்றார். பாப்பா அவர் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை, காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஒத்தப் பையன். கண்ணுல பொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. வேறு நாளாக இருந்தால் நல்லதாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விதான் எனக்குள்ளும் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானது. அவர் சோற்றைப் பிசைவார், எழுந்துவிடுவார். வரப்பில் போய்ச் சும்மா நிற்பார். ஆள் பாதியாகிப்போனார். எனக்குப் பயம் வந்துவிட்டது, நிஜமான பயம். எந்தச் சூனியக்காரியும் எனக்குக் காட்டாத பயம். தொழுவத்தில் பால் கறக்கும்போது கேட்டே விட்டேன். "ஏனுங்க, நெஞ்சுக்குள்ளயே வெச்சுக்கிட்டா என்னாகறது? ஒருக்கா அழுதுருங்க."

கன்றுக்குட்டியின் கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டினார். "பாப்பா விடமாட்டேங்கறா அம்மணி. அப்பாருதான் போயிட்டாரு, நீங்களும் கரைஞ்சு போயிராதீங்கப்பான்னு அன்னிக்கு முச்சூடும் காதுலயே சொன்னா. அவ சொல்லச் சொல்ல எப்படி அழுகறது?"

அப்போதுதான் எனக்கு அந்தக் களிமண் பெண் ஞாபகம் வந்தாள். பள்ளியில் டீச்சர் 'கரையல்லே' என்றால் அழாதே என்று அர்த்தம். வீட்டில் டீயில் சர்க்கரை கரைகிறது. இரண்டும் ஒரே வார்த்தை. இரண்டும் ஒன்றுதான் என்று திரையில் மூக்கு ஒழுகக் காட்டியும் விட்டார்கள். குழந்தை வேறெப்படிப் புரிந்துகொள்வாள்?

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன். "பாரு கண்ணு, இதுதான் கரையறது. மனுசங்க கரையமாட்டாங்க, அழுவாங்க. அவ்வளவுதான். அன்னிக்கு வந்தவங்கெல்லாம் அழுதாங்களே, யாராச்சும் கரைஞ்சாங்களா?"

"அழுதவங்க ஒருத்தருமே இப்ப இங்க இல்லயே" என்றாள்.

"அவங்க ஊட்டுக்குப் போயிட்டாங்க. சரி, உங்கப்பா எத்தன படத்துக்கு அழுதாரு? கரைஞ்சா போயிட்டாரு?"

"அதனாலதானே அப்பா ஒல்லியா இருக்கறாங்க. நீ அழுகறதே இல்ல, அதான் குண்டா இருக்கற."

அவள் விடவில்லை. "நீ அழுதிருக்கியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பறம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணியைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே கரடிப் படத்தைப் போடச் சொன்னாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒயர் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, அது டிவியைப் பார்த்தபடி இருந்தது. முயல் வந்தது, அணில் வந்தது, கிழட்டுக் கரடி நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டது. இங்கேயிருந்து குறட்டை வரவில்லை. பாப்பா சிரிக்கத் தயாராக நாற்காலிப் பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டாள்.

நான் அழுதேன். அழ வேண்டுமென்று நினைத்து அழவில்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ பூதங்களுக்குக் கொடுக்காததெல்லாம் ஒரு கரடியின் குறட்டைக்குப் பொலபொலவென்று வந்தது. மாமா அரக்கனுக்காக நியாயம் கேட்பது, காப்பியில் இனிப்பு போதவில்லையென்று டம்ளரைத் திருப்பி அனுப்புவது எல்லாம் சேர்ந்து வந்தது. அந்த மனிதரை எனக்கு நெம்பப் பிடிக்கும். அன்றுவரை நான் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பாப்பா பாய்ந்து வந்து என் மூக்கைப் பிடித்தாள். இரண்டு காதையும் இழுத்துப் பார்த்தாள். கன்னத்தை அமுக்கினாள், கையை நக்கி உப்புக் கரித்ததில் முகத்தைச் சுளித்தாள், மறுபடியும் மூக்கைப் பிடித்தாள். பிறகு அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, அம்மா கரையல! மூக்கு இருக்குது, காது இருக்குது. குண்டா அப்படியேதான் இருக்குது. நீங்க அழுகலாம்!"

அவர் நாற்காலியைப் பார்த்தார். "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டார். அப்புறம் வீடு அதிர அழுதார். டிவியில் கரடியின் மூக்கில் பட்டாம்பூச்சி உட்கார்ந்து அது தும்முகிற இடம், ஊரே சிரிக்கிற இடம். எதற்கும் இருக்கட்டும் என்று பாப்பா அவர் மடியில் ஏறி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுது முடிக்கிறவரை விடவில்லை.