இட்லிமாவு மாஞ்சா

நேற்று எங்கள் பெஹாலா ஃபிளாட்டில் இட்லிமாவு பொங்கி வழிந்தது. மனைவி துணியை எடுத்துக்கொண்டு ஓட, நான் அந்தப் புளித்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, இப்போது பத்து மாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் என் சிறுவயதில் இருந்த டாக்குரியா குவார்ட்டர்ஸின் மொட்டைமாடிக்கு மனதால் ஓடிவிட்டேன்.

விஸ்வகர்மா பூஜையன்று அங்கே வானம் தெரியாது, பட்டங்கள்தான் தெரியும். கீழே அம்மா பீன்ஸ் நறுக்க, படிக்கட்டடியில் அப்பாவுக்கு ஒருவர் முடிவெட்ட, மேலே நாங்கள் நூலால் நூலை அறுப்போம். ஒரு பட்டம் அறுந்ததும் "போகாட்டா" என்று மாடிக்கு மாடி எழும் வெற்றிக் கூச்சலில் பக்கத்தில் போகும் ரயிலின் சத்தமே அமுங்கிப்போகும்.

எதிர்மாடி அண்ணன் பாப்பிதாவின் பட்டத்தை அறுத்தால்தான் என்னை ஓர் ஆளாக மதிப்பார்கள். எல்லோரும் கண்ணாடித்தூளைச் சோற்றுப்பசையில் குழைத்து நூலுக்கு மாஞ்சா போட, நான் மூளையைச் செலவழித்து அம்மாவின் இட்லிமாவில் குழைத்தேன்.

"கீ ரே, பட்டம் விடறியா, தோசை வாக்கறியா?" என்று பாப்பிதா வங்காளத்தில் கேட்டார்.

அவர் நூலை என் நூல் தொட்டதுதான் தாமதம், என் மாஞ்சா பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, பட்டம் அறுந்து ஏரிப்பக்கம் மிதந்தது. நான் அழுவேன் என்று எல்லா மாடிகளும் காத்திருந்தன. எனக்கோ அது போன அழகில் உடம்பெல்லாம் சிலிர்த்து, எல்லோருக்கும் முந்தித் தொண்டை கிழியக் கத்தினேன்: "போகாட்டா!"

பாப்பிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கை தளர்ந்து, அவர் பட்டத்தை வேறு யாரோ அறுத்துவிட்டார்கள். அதை அறுத்தது நான்தான் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.