அண்ணையின் தொட்டியில் படர்ந்த பாசி

அண்ணையின் கட்டிலோரம் பல் தீட்டுகிற பழைய பிறஸ் ஒன்று கிடந்தது. அதன் தும்புகளில் எப்போதும் பச்சை இழைகள் சுற்றியிருக்கும். கடைசி மாதங்களில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர் அதைக் கையை விட்டுக் கீழே வைத்தது குறைவு. கட்டிலில் இடப்பக்கம் சரிந்து, முழங்கையைப் பக்கத்திலிருந்த கண்ணாடி மீன்தொட்டியின் விளிம்பில் ஊன்றி, உள்ளே இருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். உரிந்து மிதக்கும் பாசியைச் சின்ன வலையால் அள்ளிக் கோப்பையில் போடுவார். கோப்பையை வேலியோரம் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. அடுத்த நாள் காலையில் கற்கள் மறுபடியும் பச்சையாகவே இருக்கும்.

வேலணையில் எங்களுடையது தோட்டக்காரக் குடும்பம். வெங்காயமும் புகையிலையும்தான் எங்களுக்குத் தெரிந்தவை. அதில் கடலுக்குப் போனவர் அண்ணை ஒருவர்தான். சிலிண்டர் கட்டிக்கொண்டு அடியில் இறங்கிக் கடலட்டை பிடிக்கிற வேலை. ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி அடைத்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போனது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கலியாணம் கட்டவில்லை. என்னோடும் என் மனைவியோடும்தான் இருந்தார். இரண்டு வருடம் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் வைத்தபடியே இருக்கும். நானும் மனைவியும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் பிரட்டிப் படுக்க வைப்போம். தன்னை யாரோ தொடுகிறார்கள் என்பதுபோலக்கூட அவர் காட்டிக்கொள்ள மாட்டார்.

அவரோடு முன்பு கடலில் இறங்கிய மண்டைதீவுக் கூட்டாளி ஒருவர்தான் தொட்டி யோசனையைச் சொன்னார். மூடிய கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியை நான் வாங்கி வந்து, கட்டில் உயரத்துக்கு மேசை அடித்து வைத்தேன். கூட்டாளி சாட்டிக் கடற்கரைப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கான்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். அலையில் பெயர்ந்து கிடந்த பவள முருகைக்கற்கள், பூப்போல விரிகிற ஒரு கடற்சாமந்தி, அதன் விரல்களுக்குள் ஒளிந்து வாழும் வெள்ளைப் பட்டை போட்ட செம்மஞ்சள் மீன்கள் இரண்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீரைச் சுழற்ற ஒரு மோட்டார், மேலே ஒரு வெளிச்சம். மீன்களை விட்ட அன்று அண்ணை சுவர்ப்பக்கமிருந்து முகத்தைத் திருப்பினார். அன்று பின்னேரம் தானாகக் கேட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

முதலில் மண்ணிறத் தூள்போல ஏதோ படிந்தது. புதுத் தொட்டியில் அப்படித்தான் வரும், தானாகப் போய்விடும் என்றார் அண்ணை. போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பச்சை வந்தது. ஒரு கல்லின் முனையில் நகக்கண் அளவு. நான் அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அண்ணை அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

“சிவப்பா, சளி மாதிரி எண்டால் தோல் உரியிற மாதிரிக் கழண்டு வரும். அது வேற சாதி. இது பார், தலைமயிர் மாதிரி. வேரோட நிக்குது. இது லேசில போகாது தம்பி.”

ஒரு மாதத்தில் எல்லாக் கற்களும் மூடிவிட்டன. அண்ணைக்குத் தெரிந்ததெல்லாம் செய்தோம். தீன் கூடினால் பாசி கூடும் என்று மீன்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். வெளிச்சத்தைப் பாதி நேரமாகக் குறைத்தார். கூட்டாளி பாசி மேயும் நத்தைகள் கொண்டுவந்தார். அவை மேய்ந்த இடம் இரண்டு நாளில் மறுபடி முளைத்தது. கிழமைக்கு ஒருதரம் தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றினோம். மூன்று நாள் தெளிவாக இருக்கும். பிறகு பழையபடிதான். நீண்ட இழைகள் கடற்சாமந்தியைச் சுற்றிப் படர, அது சுருங்கிச் சுருங்கி ஒரு முடிச்சைப்போல ஆனது. மீன்கள் வீடில்லாமல் ஒரு மூலையில் நின்றன.

“எங்கயோ இருந்து இதுக்குச் சாப்பாடு வருது,” என்று அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார். “நான் குடுக்கேல்லை. அப்ப ஆர் குடுக்கிறது?”

பிரட்டிப் படுக்க வைக்கப் போனால், “கொஞ்சம் பொறு, இந்தக் கல்லை முடிச்சிட்டு” என்பார். பிறகு, “நீ தோட்டத்துக்குப் போ, நானே பிரளுவன்” என்பார். தன் உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அதை நாங்கள் நல்ல மாற்றமென்று நினைத்தோம். அவருடைய கையில் அந்த வேலை இருக்கிறதே என்று பிரட்டுவதை விட்டுவிட்டேன். அதைப் பறித்தால் மறுபடியும் சுவரைப் பார்ப்பார் என்று எனக்குப் பயம்.

அந்த நாட்களில் அறைக்குள் ஒரு நாற்றம் வரத் தொடங்கியது. தொட்டியில் பாசி அழுகுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யன்னலை அகலத் திறந்துவிட்டேன். ஒரு கிழமை போனது. ஒரு காலையில் அண்ணைக்கு உடம்பை உலுக்குகிற குலைப்பன் காய்ச்சல் அடித்தது. படுக்கை விரிப்பை மாற்ற அவரைத் தூக்கிய என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். இடது இடுப்பில், தொட்டிப் பக்கம் சரிந்து சரிந்து பாரம் ஊன்றிய இடத்தில், உள்ளங்கையளவு புண். உள்ளே எலும்பு தெரிந்தது. அவருக்கு அங்கே உணர்ச்சி இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண்ணின் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நான் பகல் முழுதும் அங்கே நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்ப்பேன். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். தண்ணீரில் நைத்திரேற்று என்கிற, பாசி தின்று வளர்கிற உரச்சத்து இருந்தால் சிவந்து காட்டுகிற கடதாசித் துண்டுகளை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்தாள். தொட்டித் தண்ணீரில் தோய்த்தாள். கடும் சிவப்பு. அது எதிர்பார்த்ததுதான். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். கடல் தண்ணீர் வெயிலுக்கு வற்றும்போது உப்பு தங்கிவிடும், தண்ணீர் மட்டும்தான் போகும். குறைந்த அளவுக்கு ஒவ்வொரு நாளும் உப்பில்லாத நல்ல தண்ணீர் விடவேண்டும். அந்த வாளியை நான்தான் எங்கள் கிணற்றில் அள்ளி வருவேன். ஊற்றப் போன என் கையை மனைவி பிடித்தாள். இன்னொரு துண்டை எடுத்து வாளிக்குள் தோய்த்தாள். அதே சிவப்பு.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மெதுவாக. “சாப்பாடு போட்டது நாங்கள்தான்.”

கிணற்றைச் சுற்றி என் வெங்காயத் தறை. வெங்காயம் பருக்கவேண்டும் என்று நான் அள்ளி எறிந்த உரமெல்லாம் ஊறிக் கிணற்றுக்குள் இறங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு வாளியாக அண்ணையின் தொட்டிக்குள் போயிருக்கிறது. அவர் தேய்க்கத் தேய்க்க நான் பசளை போட்டிருக்கிறேன். அவர் அதற்காகச் சரிந்து சரிந்து தன் உடம்பைத் தின்னக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த நாள் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். உரத்தையும் சொல்வது, நாற்றத்தையும் சொல்வது. ஒரு கிழமை நாற்றம் அடித்தும் அவரைப் பிரட்டிப் பார்க்காமல் யன்னலைத் திறந்தேன் என்பதையும் சொல்வது. உரத்தை முதலில் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெடித்த உதட்டோடு சிரித்தார்.

“அப்ப நீ இவ்வளவு நாளும் ரெண்டு தோட்டம் எல்லோ செய்திருக்கிறாய்.”

“அண்ணை, எனக்குத் தெரியாது.”

“எனக்கும் விளங்கேல்லைத்தானே. கடலுக்குள்ள கிடந்தவன் நான். எனக்கே விளங்கேல்லை.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “இனிக் கிணத்துத் தண்ணி விடாத. மழை வரட்டும். மழைத் தண்ணியில ஒண்டும் இராது. அதுவரைக்கும் சாமந்தி தாங்காது. கூட்டாளியிட்டச் சொல்லி மீனையும் அதையும் கொண்டுபோய் விடச் சொல்லு. எடுத்த இடத்திலேயே விடச் சொல்லு. பிறகு வெளிச்சத்தை நிப்பாட்டிப்போட்டுக் கறுப்புத் துணியால மூடு.”

கூட்டாளி அன்றைக்கே வந்தார். இரண்டு மீன்களும் முடிச்சாய்ச் சுருங்கிய சாமந்தியும் ஒரே வாளியில் போயின. விட்டாயிற்று என்று நான் போய்ச் சொன்னபோது, மீன்கள் சாமந்தியை விட்டுப் போய்விட்டனவா, கூடவே நின்றனவா என்று கேட்டார். கூடவே நின்றன என்று கூட்டாளி சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். அன்று அவர் முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. அதைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்றத்தை நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவருக்கு நினைவு தப்பியிருந்தது. நான்காம் நாள் போய்விட்டார்.

ஐப்பசியில் மழை வந்தது. அவர் சொன்னபடி துணியால் மூடிய தொட்டியில், வற்றிய அளவுக்குக் கூரைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி வந்தேன். பாசி வெளிறி, நரைத்து, தானாகக் கழன்றது. நத்தைகள் மிச்சத்தை மேய்ந்தன. இப்போது கற்கள், அவர் கடலுக்கடியில் கண்டு தொட்டியிலும் பார்க்க ஆசைப்பட்ட ஊதா நிறத்தில் இருக்கின்றன. தறைக்கு உரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீரில் துண்டு இன்னும் சிவக்கத்தான் செய்கிறது. அது குறையக் காலம் எடுக்கும் என்கிறாள் மனைவி. குடிக்கிறதுக்கு வேறு இடத்திலிருந்து எடுக்கிறோம்.

ஊரில் யாராவது வந்து தொட்டியைப் பார்த்தால், அண்ணை கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். இரண்டு தோட்டம் செய்ததாகச் சொன்ன பகிடியைச் சொல்வேன். என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லி அவர்கள் கண் கலங்குவார்கள். அவர் மன்னித்தது உரத்தை. மற்றதை, யன்னலைத் திறந்துவிட்ட அந்தக் கிழமையை, நான் அவரிடம் சொல்லவே இல்லை.