ரேடியேட்டருக்குப் பாலபிஷேகம்

பாலைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. டாக்டரிடம் சொன்னால் வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை எழுதித் தருகிறார். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு கிருத்திகையன்று, திருத்தணி மலைப்பாதையில், என் அக்கா புருஷன் ஒரு காரியம் செய்தார். அன்றைக்கு அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நானும்தான். அன்றே நாலு வார்த்தை திட்டியிருந்தால் அது அன்றோடு ஒழிந்திருக்கும். நான் இத்தனை வருஷமாகக் கடுங்காபி குடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்திலேயே கார் இருந்தது என்றால் பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காரின் பாகங்கள் இருந்தன. இன்ஜின் பின்கட்டுக் கொட்டகையில். கார்புரேட்டர் சமையலறைப் பரணில். ஸ்டியரிங் என் படுக்கைக்கு மேலே ஓர் ஆணியில். அரிசி புடைக்கிற முறத்தில் நட்டும் போல்ட்டும். ஒருநாள் முருங்கைக்காய் சாம்பாரில் வாஷர் வந்தது. அம்மா அதை எடுத்துக் கழுவி நைனாவிடம் கொடுத்தாள். நைனா முகம் மலர்ந்து, "இதத்தாம்மே ரெண்டு நாளா தேடிகினு கீறேன்" என்றார். சாம்பார் எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை.

நைனா என்றால் எங்கள் அப்பா. ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. திருவாலங்காட்டில் ஒரு கரும்புக்காரர் வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் அந்தக் காரை அவர் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. மேலே கூரை கிடையாது. முன்னால் பித்தளை ரேடியேட்டர். பின் ஸீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் மாட்டைக் கட்டி இழுத்து வந்தார். அவ்வளவு மரியாதைக்காரர். அந்த மரியாதைதான் பின்னால் எங்கள் எல்லோர் கழுத்தையும் பிடித்தது.

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். நைனா முதலாளி. நான் பி.ஏ. படித்தவன் என்பதால் ரிப்பேர் புத்தகத்து இங்கிலீஷைத் தமிழில் சொல்லும் உத்தியோகம். செயப்பாட்டுவினையில் எழுதப்பட்ட எதையும் என்னால் விளக்க முடியும். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. உண்மையில் வேலை செய்தது அக்கா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு அவள் படிப்பை நிறுத்தினார்கள். மறுநாளே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கடியில் போய்விட்டாள். இன்ஜின் வால்வில் அரைக்கிற பேஸ்டைத் தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துபோல உருட்டி உருட்டி அவள் தேய்ப்பாள். நைனா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். "போதும்" என்பார். "இன்னும் கொஞ்சம் நைனா" என்பாள். அவள் சொன்னதுதான் நடக்கும்.

பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. கொட்டகையில் நைனாவும் புத்தகமும் நானும் மிஞ்சினோம். வேலை ஆமை வேகத்துக்கு வந்தது. அக்கா பண்டிகைக்கு வரும்போதெல்லாம், அம்மா செய்த அதிரசத்தைக்கூடத் தொடாமல், முதலில் கொட்டகைக்குப் போய் நாங்கள் தப்பாக மாட்டியதையெல்லாம் கழற்றுவாள்.

மெட்ராசில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடி, வருஷத்துக்கொரு முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்களை ஊர்வலமாக ஓட்டிப் போவார்கள். ஒவ்வொரு வருஷமும் நைனா காலை ரயிலில் போய், ரோட்டோரத்தில் நின்று பார்த்துவிட்டு, மாலை ரயிலில் வருவார். வந்ததும் எந்த வண்டி எப்படி உறுமியது என்று வாயாலேயே செய்து காட்டுவார். அம்மா அதற்கும் தலையாட்டுவாள். அந்த வருஷம் வண்டி ஓடிற்று. பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை வரை போய் டீ குடித்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நைனா ஊர்வலத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இனி ரோட்டோரத்தில் நிற்க வேண்டாம். வரிசையில் ஒரு இடம், கையில் ஸ்டியரிங். அந்த மனுஷன் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான்.

ஊர்வலத்துக்கு முந்தின வாரம் அக்காவை அழைத்துக்கொண்டு பாவா வந்தார். பாவா என்றால் அக்கா புருஷன். வேலூரில் சர்க்கார் உத்தியோகம். ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தார். அதனால் உலகத்து இன்ஜின்களெல்லாம் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையின் முகம் கோணக்கூடாது. இதைச் சட்டம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். சட்டத்தை மீறினால் ஜாமீன் உண்டு. சித்திரை வெயிலில் நின்றுகொண்டு 'குளிருது மாமா' என்று அவர் சொன்னால் நைனா துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வார்.

"இன்னா மாமா, சாமிக்குக் காட்டாமயே மெட்ராசுக்கா?" என்றார் பாவா. "ஊர்ல சைக்கிள் வாங்கனாக்கூட மலைக்கு இட்டுகினு போறான். நாளைக்கு கிருத்திகை. உங்க பொண்ணு பால்குடம் எடுக்கறா. எனக்கு பிரமோஷன் வேண்டுதல். அப்டியே வண்டியிலயே போயி பூஜையும் போட்டுகினு வந்துட்லாம். நானே ஓட்றேன்."

நைனா கார் சாவியைப் பார்த்தார். "மலை ஏத்தம் மாப்ள. கிருத்திகைக்கு கூட்டம் வேற..."

"நான் இன்னா புதுசா ஓட்டறேன்?"

"ஆங், ஆங். அதுக்கில்லீங்க" என்று சாவியைக் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் பாவா ஸ்டியரிங்கில். பக்கத்தில் நைனா, சொந்த வண்டியில் விருந்தாளி மாதிரி. பின்னால் மடியில் பால்குடத்தோடு அக்கா. அவள் பக்கத்தில் நான், என் பக்கத்தில் தேங்காய்க் கூடை. ரேடியேட்டர் சூடானால் ஊற்ற நைனா எப்போதும் ஒரு தகர டப்பாவில் தண்ணீர் வைத்திருப்பார். கூடைக்கு இடம் வேண்டுமென்று பாவா அதை இறக்கி வைத்துவிட்டார் என்பது பாதி மலையில்தான் தெரிந்தது.

எங்களுக்கு முன்னால் ஒரு காவடிக் கூட்டம். பம்பையும் உடுக்கையும் அடித்துக்கொண்டு, இரண்டடி ஏறி ஓரடி ஆடி, மெதுவாகப் போனார்கள். காவடி என்றால் அப்படித்தான் போகும். அவர்கள் மேல் தப்பில்லை. பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டு நகர்ந்த எங்கள் வண்டிதான் சூடேறிற்று. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னாபா, வண்டிக்கும் சாமி வந்துடுச்சா?" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. பாவா சிரிக்கவில்லை. அங்கேதான் விதி புகுந்தது என்று இப்போது தோன்றுகிறது. கேலியைத் தாங்குகிற உத்தியோகஸ்தர் அபூர்வம்.

வண்டியை ஓரம் கட்டினோம். மேல் வளைவில் இருந்த பூக்கடையிலிருந்து தண்ணீர் கொண்டுவர நான் ஓடினேன். ஒரு பக்கெட் கெஞ்சி வாங்கித் திரும்பும்போது மேலிருந்தே பார்த்தேன். கீழே பேசுவது நன்றாகக் கேட்டது.

"கொஞ்ச நேரம் ஆறட்டுங்க" என்றாள் அக்கா.

"ராகுகாலம் வந்துகினு கீது. ஆறட்டும் ஆறட்டும்னா? அந்தக் கொடத்த குடு."

"இது பாலுங்க."

"தெரியாதா எனக்கு? பால்ல இன்னா கீது, முக்கால்வாசி தண்ணிதான்."

"திரிஞ்சி அடைச்சிக்கும். சூட்டுல சில்லுனு ஊத்தனா இரும்பு வெடிச்சிடும். வேணாங்க."

"சாமிக்கு எடுத்தது. வெடிக்குமா? சும்மா குந்து."

நைனா வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பாவா குடத்தை அவள் மடியிலிருந்து வாங்கி, துண்டால் ரேடியேட்டர் மூடியைத் திருகி, ஊற்றினார். நான் பக்கெட்டோடு ஓடி வந்தேன். பாதித் தண்ணீர் என் கால்மேல் கொட்டியது. வந்து சேர்ந்தபோது டிணுக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். டம்ளர் உடைந்தால்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். என்ன போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆவியோடு பொங்கி வந்த பால், திரிதிரியாகப் பித்தளை வழியே வடிந்தது. அந்த வழியாக மலையேறிய ஒரு பாட்டியம்மா நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"பரவால்லீங்க மாப்ள" என்றார் நைனா.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. வண்டி போனதுகூட அல்ல. நஷ்டப்பட்டவன் நஷ்டம் செய்தவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எவன் ஏற்படுத்தினான்? மகளைக் கொடுத்த வீடு என்றால் நாக்கையும் சேர்த்தா கொடுத்துவிட்டோம்? திரும்பவும் மாட்டைக் கட்டி வண்டியை வீடு சேர்த்த அன்றிரவெல்லாம் பாவாவுக்கு ஒரு வசைப் பிரசங்கம் தயாரித்தேன். சங்கம் முதல் சமீபம்வரை படித்தவன் இல்லையா, அருமையாக அமைந்தது. காலையில் ஊருக்குக் கிளம்பும்போது எதிரே வந்தார். நான், "காப்பி சாப்டீங்களா பாவா?" என்றேன். பிரசங்கத்தில் அந்த வரி இருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்து நைனா சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றி ரேடியேட்டரை அலசினார். கட்டி கட்டியாக வந்தது. கொட்டகை முழுக்கப் புளித்த நாற்றம். தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டில் மகாநாடு கூட்டின. அடைப்பு ஒருவழியாகப் போயிற்று. ஆனால் இன்ஜினின் மேல்மூடி, ஹெட் என்பார்களே, அதன் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. வேறொரு ஹெட்டுக்காக மெட்ராஸ் புதுப்பேட்டையில் தேடாத பழைய சாமான் கடை இல்லை. கிடைக்கவில்லை. ஊர்வல ஞாயிறன்று நைனா ரோட்டோரத்தில் நிற்கக்கூடப் போகவில்லை. காலையிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்து பாவா அக்காவோடு வந்து இறங்கினார்.

"இன்னா மாமா, மெட்ராஸ் போலியா?"

"இல்லீங்க மாப்ள. வண்டி கொஞ்சம்..."

"நான்தான் நெனைச்சேன். பழைய டப்பா. அன்னிக்கு மலையில வெடிக்காட்டி மெட்ராஸ்ல நடுரோட்ல வெடிச்சிருக்கும். நல்லவேளை, நம்ம கையில ஆச்சி. பேசாம இரும்புக்கடைல போட்ருங்க. எனக்குத் தெரிஞ்ச ஆள் கீறாரு, நாளைக்கே லாரி அனுப்பச் சொல்றேன். எடமாவது மிச்சம்."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அக்கா செருப்பைக் கழற்றாமல் நின்றாள். நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார்.

"ஆங்... நீங்க சொன்னா சரிங்க மாப்ள."

பாவா திருப்தியாகச் சாப்பிட்டார். மத்தியானத் தூக்கத்துக்கு லுங்கிக்கு மாறிக்கொண்டு, கட்டி வந்த வேட்டியைக் கொடியில் போட்டார். கல்யாணத்துக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்தது, நாலு விரல் அகல ஜரிகை. குறட்டை கிளம்பியதும் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன்.  விறுவிறுவென்று போல்ட்டுகளைக் கழற்றினாள். ஹெட்டைத் தூக்கி மரப்பலகைமேல் வைத்தாள். எண்ணெயும் கரியும் பால் கசடுமாக அப்பிக் கிடந்தது.

"தொடைக்க ஏதாச்சும் குடுறா."

நான் சுற்றுமுற்றும் தேடினேன். அதற்குள் அவளே போய்க் கொடியிலிருந்து அந்த வேட்டியை உருவி வந்தாள்.

"அக்கா!"

"இன்னா அக்கா?"

ஒன்றுமில்லை என்றேன். இதிலும் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அவள் மண்ணெண்ணெயில் வேட்டியை முக்கித் துடைத்தாள். துடைத்தது என்று சொல்வதா, அடித்தது என்பதா. ஒவ்வொரு இழுப்பிலும் பல்லைக் கடித்தாள். நாற்றத்தில் பாவா எழுந்து கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"ஏய்! அது என் வேட்டி!"

"தெரியும்."

"தெரியுமா? பைத்தியமா உனக்கு?"

"சாமி பாலையே எடுத்து ஊத்தனீங்க. வேட்டி பெருசா?" என்றாள், தலை நிமிராமல். "லாரி கீரி வந்துச்சி, நான் வேலூருக்கு வரமாட்டேன். வண்டியோட என்னையும் ஏத்தி இரும்புக்கடைல எறக்கச் சொல்லுங்க."

பாவாவின் முகம் கோணியது. எங்கள் வீட்டு வரலாற்றில் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை, நான் மேலே பார்த்துக்கொண்டேன். சத்தம் கேட்டு நைனாவும் அம்மாவும் வந்து நின்றார்கள்.

"மாமா, பாருங்க உங்க பொண்ணு பண்ற வேலைய! நீங்களே கேளுங்க!"

எல்லோரும் நைனாவைப் பார்த்தோம். அவர் மாப்பிள்ளையைத் தாண்டி உள்ளே வந்தார். காலை முதல் போட்டிருந்த சலவைச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஹெட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரிசலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கரையால தொடைக்காதம்மா" என்றார். "ஜரிகை ஹெட்ட கீறிடும்."

அக்கா கரையை உள்ளே மடித்துவிட்டு, வேட்டியின் நடுப்பக்கத்தால் துடைத்தாள்.