பூட்டிய பெட்டிக்குள் பம்ப்

எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டு அடுப்புப் புகையில் வளர்ந்தவள். சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. பதுளையில் தையல் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது, படிவத்தில் அதை மறைத்தேன். தெரிந்தால் வேலை கிடைக்காது என்ற பயம். ஒரே அறையில் தங்கி, ஒரே இடத்தில் வேலை செய்யும் ரேணுவுக்கும் சாந்திக்கும்கூடச் சொல்லவில்லை. மூச்சிழுப்பு வந்தால் வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

போன ஞாயிறு காலை மூவருமாக அறையில் ஒட்டடை அடித்தோம். தூசியில் எனக்கு நெஞ்சு இறுகியது. உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பதற்றத்தில் பெட்டிச் சாவியை வைத்த இடம் நினைவுக்கு வரவில்லை. பேச முடியாமல் பெட்டியையே காட்டினேன்.

"என்னடி, வீசிங்கா?" என்றாள் ரேணு. தலையாட்டினேன். அவள் தன் தலையணை உறைக்குள் கைவிட்டு ஒரு நீலப் பம்பை எடுத்தாள்.

"இந்தா, இழு. என்னோடதுதான்."

இழுத்தும் முழுதாக அடங்காததால் மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது சாந்தி மெதுவாகச் சொன்னாள்: "என்னோடது அரிசி டின்னுக்குள்ள இருக்கு. யார்கிட்டயும் சொல்லிறாதீங்கடி."

இப்போது நகப்பூச்சால் பெயர் எழுதிய மூன்று பம்புகள் எங்கள் ஜன்னல் கட்டையில் நிற்கின்றன. நாளை மூவரும் சேர்ந்தே சூப்பர்வைசரிடம் சொல்லப்போகிறோம். ஒருத்தி என்றால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். மூன்று பேரையும் நிறுத்தினால் மெஷினில் யார் உட்காருவது?