“ரெண்டும் பொட்டைதான்க்கா!”

போன வருடம் பங்குனி உத்திரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது, அங்கே ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் இரண்டு வெளிநாட்டுப் பல்லிகள் வாங்கினேன். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, தடித்த வால். கெக்கோ என்பார்கள். காசு கொடுத்துப் பல்லி வாங்குகிறாளே என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்! மில் வேலைக்குப் போகிறவள் நான். முட்டை, குஞ்சு என்று பெருகினால் கவனிக்க முடியாது என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன்.

“ரெண்டும் பொட்டைதான்க்கா, பயப்படாம கொண்டு போங்க” என்றார்.

சில வாரத்தில் சின்னதன் கழுத்தில் கடிபட்ட காயம். பெரியது வாலைப் படபடவென்று ஆட்டிக்கொண்டே அதைத் துரத்தியது. “ரெண்டும் அடிச்சிக்கிடுது போல, தனியாப் போடு” என்றார் என் வீட்டுக்காரர். பிரித்து வைத்தேன். அப்புறமும் சின்னது இரையைத் தொடவில்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது, வால் மெலிந்தது. கண்ணாடித் தொட்டியின் மூலையை ஓயாமல் பிறாண்டியது.

கடைக்காரருக்கு போன் செய்தேன். “கொழுப்புக்கா. நம்மூரு நாய் பெருத்தா காயப்போட மாட்டோமா? அதே மாதிரி ஒரு வாரம் எதுவும் போடாதிய” என்றார்.

மனசு ஒப்பவில்லை. இந்தப் பல்லிகள் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும். கொழுப்பு என்றால் வால் ஏன் மெலிய வேண்டும்? அடிப்பக்கம் தெரிகிற டப்பாவில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வயிற்றுத் தோலுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக, மொச்சைக் கொட்டை போல இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. பெரியதையும் தூக்கிப் பார்த்தேன். வாலடியில் இரண்டு புடைப்பு. ஆணேதான்! அந்தக் கழுத்துக் கடி சண்டையில் வந்ததில்லை, இணை சேரும்போது வந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான மூன்றாம் மாதமே என் வயிற்றைப் பார்த்து “ஏதும் விசேஷமா?” என்று கேட்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. வாயில்லாத ஜீவனின் வயிற்றைப் பார்த்தால் மட்டும் கொழுப்பாம், பட்டினி போட வேண்டுமாம்!

முட்டையிட ஈரமான இடம் கிடைக்காவிட்டால், முட்டை உள்ளேயே தங்கித் தாய் செத்துப்போகலாம் என்று செல்போனில் தேடிப் படித்தேன். ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்த தேங்காய் நார்த்தூளை நிரப்பி உள்ளே வைத்தேன். மறுநாள் காலையில் டப்பாவுக்குள் இரண்டு முட்டைகள் இருந்தன. தாய் ஓய்ந்துபோய்க் கிடந்தது. கால்சியம் பொடி தூவிய புழுவை நீட்டினேன், வெடுக்கென்று பிடுங்கித் தின்றது. அழுதுவிட்டேன்.

“பொழைச்சிருச்சுல்லா, விடு. பல்லிக்கா சண்டை போடப் போற?” என்றார் வீட்டுக்காரர். நான் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் வேண்டுமே! “ஜோடின்னு சொன்னா நீங்க வாங்கியிருப்பியளாக்கா?” என்றார். சரி, பட்டினி போடச் சொன்னது எதற்கு என்று கேட்டேன். “முட்டைன்னு சொல்லியிருந்தா அப்பவே திருப்பிக் கொண்டாந்திருப்பிய.”

எல்லாம் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். ஒரு உயிர் போயிருக்கும்! அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தொட்டி கண்ணில் பட்டது. வெறும் கண்ணாடித் தரையில், வயிறு உப்பிய இன்னொரு பல்லி மூலையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா, எனக்கு ஒண்ணும் சமாதானம் சொல்ல வேண்டாம். மொதல்ல அதுக்கு ஈர மண்ணு வையி. வச்ச பொறவுதான் நான் போவேன்” என்று வாசலை மறித்து நின்றுகொண்டேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சத்தமாகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு டப்பாவில் நார்த்தூளை நனைத்துக் கொண்டுவந்து வைத்தார். அவர் கையை எடுப்பதற்குள் அந்தப் பல்லி உள்ளே புகுந்து தோண்ட ஆரம்பித்துவிட்டது.

பொம்பளைக்கு இம்புட்டுக் கோபம் ஆகாது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு நான் சிரித்த முகமாக நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருந்தால், அந்தப் பல்லி இன்னும் கண்ணாடியைத்தான் பிறாண்டிக்கொண்டிருந்திருக்கும்.